சொல்லாத வார்த்தைக்குப் போட்ட மொட்டை

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், கை நீட்ட மாட்டார். தங்கமான மனுஷன்னு தெருவே சொல்லும். அந்தத் தங்கம் என்னை ஏமாத்தின கதை இது. நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது.

எங்க பையனுக்கு மூணு வயசு முடிஞ்சும் பேச்சு வரலை. காது நல்லா கேக்குது, பஸ் சத்தம் வந்தா ஜன்னலுக்கு ஓடுவான், ஆனா வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. எது வேணும்னாலும் நம்ம கையைப் பிடிச்சு இழுத்துக்கினு போய் அது மேல வெப்பான். திண்டிவனத்துல பார்த்த டாக்டர், விழுப்புரத்துல விளையாட்டு மூலமாவே பேச்சு வரவைக்கிற தெரபி சென்டர் இருக்கு, அங்க போங்கன்னார். வாராவாரம் அவனைத் தூக்கிக்கினு பஸ் ஏறினேன்.

அங்க இருந்த மிஸ் சின்னப் பொண்ணு. பாயில அவனுக்கு எதிரா சம்மணம் போட்டு உக்காந்து சோப்பு நுரைய முட்டை முட்டையா ஊதுவா. டக்குன்னு நிறுத்திட்டு அவன் மூஞ்சியையே பார்ப்பா. அவன் 'ஊ'ன்னு ஒரு சத்தம் குடுத்தா போதும், உடனே ஊதி, கை தட்டி, அமர்க்களம் பண்ணிடுவா. வீட்டுல செய்யறதுக்கு எங்களுக்கும் ஒரு விளையாட்டு சொல்லிக் குடுத்தா. அவனுக்கு உசிரான பொம்மை பஸ்ஸை, உள்ள இருக்கறது வெளிய தெரியுற டப்பாவுல போட்டு இறுக மூடிக் குடுக்கணும். அவனால தொறக்க முடியாம நம்மகிட்ட கொண்டு வருவான்.

"'தொற'ன்னு நீங்க ஒரு வாட்டி சொல்லிக் காட்டிட்டு பொறுத்திருங்கக்கா. அவன் 'தொ'ன்னாலே போதும், உடனே தொறந்துடுங்க. ரொம்ப அழவிட வேணாம், அழுதா வேற விளையாட்டுக்கு மாத்திடுங்க. ஆனா நாம முந்திக்கினு தொறந்து குடுத்துட்டா, வாயைத் தொறக்கணும்னு அவனுக்குத் தோணவே தோணாது."

நான் காலையில மெடிக்கல் ஷாப்புல வேலைக்குப் போறவ. அவருக்கு மோட்டார் காயில் கட்டுற கடை, எங்க வீட்டு முன்ரூம்லயே. மத்தியானம் வரைக்கும் பையன் அவர் பொறுப்பு. நான் வந்து செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே, "என்னாங்க, சொன்னானா?"ன்னு கேப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு நாள், "சொல்லிட்டான்"ன்னார். "'தொற'ன்னான். தெளிவா சொன்னான்."

எனக்குத் தலைகால் புரியலை. பையனை வாரித் தூக்கி மூச்சு முட்டுற மாதிரி முத்தம் குடுத்தேன். என்கிட்ட ஒரு வாட்டி சொல்லுடா ராஜான்னு கெஞ்சினேன், அவன் டப்பாவை என் கையில திணிச்சுட்டு அழுதான். "அப்பன்கிட்ட முதல்ல வருது, உன்கிட்ட வராமலா போயிடும்"னார். அப்புறம் 'பஸ்'ஸுன்னானாம். 'தா'ன்னானாம். நான் வீட்டுல இல்லாத நேரமா பார்த்து என் புள்ள வார்த்தை வார்த்தையா பேசிக்கினு இருந்தான்! சாமிக்கு வேண்டிக்கினு இருந்தேனே, மயிலம் முருகன் கோயிலுக்குப் போய் அவனுக்கு மொட்டை போட்டோம். சந்தனம் பூசின தலையோட அவனைத் தோள்ல வெச்சுக்கினு இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். முருகன் எதிர்லயாவது உண்மைய சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

நான் சொன்னதை நம்பி மிஸ்ஸும் அடுத்த படிக்குப் போயிட்டா. 'பஸ் தா'ன்னு ரெண்டு வார்த்தையா கேக்க வெச்சா. பையனுக்குச் சுத்தமா புரியலை. முன்னெல்லாம் அந்தப் பாயைப் பார்த்தாலே சிரிக்கிறவன், தரையில தலையை முட்டிக்க ஆரம்பிச்சான். மிஸ்ஸே பயந்துபோய், "அப்பாகிட்ட நல்லா பேசறான்னீங்களே, ஒரு நாள் அவரையும் கூட்டிக்கினு வாங்கக்கா"ன்னா.

வந்தார். மிஸ் டப்பாவைப் பையன்கிட்ட குடுத்தா. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, நேரா அப்பன்கிட்ட போய் டப்பாவை நீட்டினான். உதடு அசையலை. இவர் கை தானா போய் மூடியைத் திருகிடுச்சு. பையன் பஸ்ஸை எடுத்துக்கினு அதுபாட்டுக்கு விளையாடப் போயிட்டான். திறந்த டப்பாவைக் கையில வெச்சுக்கினு இவர் தலையைத் தொங்கப் போட்டார். எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல வெச்சு கேட்டேன். கல்யாணமானதுல இருந்து 'நீங்க'ன்னே பேசினவ, அன்னிக்கு 'நீ'ன்னுதான் வாயில வந்தது.

"ஒரு வார்த்தையாவது சொன்னானா? உண்மைய சொல்லு."

"இல்லை."

"அப்போ எதுக்குய்யா சொன்னே?"

"அவன் அழுதா எனக்குத் தாங்கலை. தொறந்து குடுத்துட்டேன். நீ தினம் ஓடி வந்து கேக்கறே. இல்லைன்னா உன் மூஞ்சி சுருங்கிப் போவுது. அதைப் பார்க்க முடியாம ஒரு நாள் சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியலை."

"என் மூஞ்சிக்காக என் புள்ள வாயை மூடி வெச்சியா நீ?"

டீக்கடையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும். பஸ்ல அவர் பின்னாடி சீட்டுல, நான் பையனோட முன்னாடி. ஏமாந்ததைவிட, அந்த மொட்டைத் தலையைத் தடவித் தடவி நான் சந்தோஷப்பட்டதை இவர் பக்கத்துல நின்னு பார்த்தாரே, அதுதான் தாங்கலை.

மறுபடி 'தொ'வுல இருந்து ஆரம்பிச்சோம். அவரும் மாறினார், அதை மறைக்கக் கூடாது. பையன் டப்பாவை நீட்டினா ரெண்டு கையையும் கக்கத்துல சொருகிக்கினு, 'தொற'ன்னு சொல்லிக் காட்டிட்டுப் பொறுமையா உக்காந்திருப்பார்.

ஒரு நாள் காலையில மெடிக்கல் ஷாப்புல இருக்கேன், போன். "ஏய், வாசலைப் பார்த்துக்கினு 'அம்மா'ன்னான்! சத்தியமா சொல்றேன், ஜல்தி வா!" மூச்சு வாங்குது அவருக்கு.

"வேற எவளாவது ஏமாந்தவ இருந்தா அவகிட்ட போய் சொல்லு"ன்னு போனை வெச்சுட்டேன். கஸ்டமருக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தேன். மத்தியானம் வீட்டுக்குப் போனா, பையன் தலை மேல சத்தியம் பண்ண வந்தார். "கையை எடு"ன்னேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் அவன் என் மூஞ்சியைப் பார்த்து 'தொ'ன்னான். நான் அழுதேன். ஆனா அதுதான் முதல் வார்த்தையான்னு மனசு கேட்டுக்கினே இருந்துது.

இப்போ பேச்சுன்னா பேச்சு, பேஜாரு புடிச்ச பேச்சு. ஸ்கூல்ல சேர்த்தாச்சு. மிஸ்ஸுக்கு இனிப்பு குடுத்துட்டு வரலாம்னு மூணு பேரும் விழுப்புரம் போனோம். அங்க மடியில குழந்தையோட ஒரு பொண்ணு, புதுசா வந்தவ. எங்க பையன் வளவளன்னு பேசறதை ஆசையா பார்த்துக்கினே இருந்துட்டு, "அக்கா, இவன் முதமுதல்ல என்ன வார்த்தை சொன்னான்?"னு கேட்டா.

பக்கத்துல உக்காந்திருந்த இவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர், அப்படியே மூடிக்கினார்.

"தெரியலைம்மா"ன்னேன்.

"பெத்தவங்களுக்கே தெரியாதா?"ன்னு அவ சிரிச்சா.