பின்னால் பார்த்த குதிரைகள்

எங்கள் அண்ணி இருளாயியைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை, நானே எழுதுகிறேன்.

நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து அவர் தினமும் பஸ் ஏறி இரத்தினபுரி டவுனுக்கு வேலைக்குப் போவார். புவாட் முதலாளியின் தையல் கடையில் பூவேலை. பாடசாலைச் சின்னம், பட்டாளத்துச் சின்னம் எல்லாம் அவர் கைதான். அது தொண்ணூற்றெட்டு. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டால் பஸ்ஸை விட்டு இறக்குகிற காலம். அந்தக் காலத்தில் சிங்களச் சிப்பாய்களின் சட்டைக்கு நூல் கோத்தது எங்கள் அண்ணி!

ருவன் என்றொரு சிப்பாய் கடைக்கு வாடிக்கை. வாய் நிறைய "அக்கா" என்பான். வடக்கே சண்டைக்குப் போகுமுன் புதுச் சட்டையின் இரண்டு கைக்கும் சின்னம் தைக்கக் கொடுத்தான். மாதிரிக்குப் பழைய சின்னம் ஒன்று தந்தான். பாய்கிற குதிரை, அதன் கீழே குறுக்காக இரண்டு வாள், சுற்றிலும் நெற்கதிர். அது எந்தக் கைச் சின்னம் என்று அவனும் சொல்லவில்லை, அண்ணியும் கேட்கவில்லை.

எங்கள் லயத்துக்கு மேலே முனியாண்டி கோயிலில் சாமிக்கு இரண்டு பக்கமும் சீமெந்துக் குதிரைகள் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி வெளியே பார்க்கும் காவல் குதிரைகள். அண்ணி சின்னங்களைத் தனித் துணியில் பின்னி எடுத்து, சட்டையை மேசையில் விரித்து, இரண்டு குதிரையையும் அதே மாதிரி வெளியே பார்க்க வைத்துத் தைத்துவிட்டார். அவன் போட்டுக்கொண்டு நடந்தபோது இரண்டும் அவன் முதுகுப் பக்கம் ஓடின.

அணிவகுப்பில் அதைக் கண்ட கெப்டனுக்குக் கண்மண் தெரியாத கோபம். படையின் சின்னத்தைக் கேலி செய்திருக்கிறான் என்று ருவனை அடைத்துவிட்டார்.

மறுநாள் ருவனின் கூட்டாளி கடைக்கு வந்து சொன்னான். யார் தைத்தது என்று எவ்வளவு கேட்டும் "நானே தைத்தேன்" என்கிறானாம். தமிழ்ப் பெண் என்று தெரிந்தால் அக்காவைப் பிடித்துவிடுவார்கள் என்று பயமாம். விசாரணைக்கு நிறுத்தப் போகிறார்களாம்.

அண்ணி உடனே முகாமுக்குப் போக எழுந்தார். "போவாதீங்க புள்ள. வேணும்னே செஞ்சதா சொல்லி உங்களையும் உள்ளுக்குப் போட்டுருவாங்க," என்றார் புவாட்.

"நான் தச்சதுக்கு அந்தப் பய உள்ள கெடக்கான். நீங்க கடையப் பாருங்க மொதலாளி."

ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் பைக்குள் போயின. அந்த நேரம் பார்த்து நான் கடைக்குப் போய்த் தொலைத்திருந்தேன். "வாங்க தம்பி," என்றார். நானும் மீசை வைத்தவன்தான், ஆனால் முகாம் வாசலில் அண்ணியை முன்னால் விட்டுவிட்டேன். அண்ணி நேரே நடந்தார்.

கெப்டன் முன்னால் சிங்களத்தில் மளமளவென்று சொன்னார். "மாத்தயா, தச்சது நான். ருவன் மேல பிழை இல்ல. எங்க சாமி குதிரை அப்படித்தான் பார்க்கும். பின்னால இருந்து யாரும் வந்து அடிச்சிடக் கூடாதுல்ல?"

"எங்க குதிரை சிப்பாய் போற பக்கம்தான் பார்க்கணும்," என்றார் கெப்டன். "திரும்பிப் பார்த்தா சண்டையில முதுகு காட்டுன மாதிரி. அந்த வாள் ரெண்டும் எதுக்கு? கதிரக் காக்கத்தான். காக்கிறவன் ஓடலாமா? சொல்லு."

"ஓடக் கூடாதுங்க. சட்டையக் குடுங்க. வலது கையில இருக்கிறத இடதுக்கு மாத்தினா ரெண்டும் முன்னுக்குப் பார்க்கும்."

அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிரித்து, மாற்றித் தைத்தார். கெப்டன் சட்டையை வாங்கி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ருவனை விடச் சொன்னார். வெளியே வந்தவன் அண்ணியைக் கண்டதும் "நான்தான் தச்சேன்" என்று மறுபடி ஆரம்பித்தான்.

"எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி யார்டா உனக்குச் சொன்னது?" என்று அண்ணி அவனைத் திட்டினார். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது கெப்டன் அண்ணியை நிறுத்தினார். ருவனை வெளியே அனுப்பினார். என்னை அவர் ஒரு ஆளாகவே எடுக்கவில்லை.

"அடுத்த கிழமை நானும் வடக்குக்குப் போறேன்," என்றார் மெதுவாக. சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு உள்பக்கம், யாருக்கும் தெரியாம, பின்னுக்குப் பார்க்கிற குதிரை ஒண்ணு தச்சுத் தருவீங்களா?"

"கழட்டிக் குடுங்க மாத்தயா," என்றார் அண்ணி. "சின்னதா இருந்தாலும் நல்லா கண்ண முழிச்சுப் பார்க்கிற மாதிரி தச்சுத் தாறேன்."