உறவினர் இல்லாத சத்திரசிகிச்சை

ஆசிரியைக்கும் உடம்பு என்று ஒன்று உண்டென்பதை அவளுக்கு முன்பே ஊர் அறிந்துவிடும் என்று எனக்கு முதலில் சொன்னவர், அப்புத்தளைத் தோட்டப் பாடசாலையில் எனக்கு முன் பணியாற்றிய அன்னம்மா டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து தனியே வந்து மலைநாட்டில் கற்பித்த சகோதரிகளே, நீங்களும் இதற்குத் தப்பியிருக்க மாட்டீர்கள்.

ஊறுகாய்

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் என் வயிறு மெல்லப் பெருக்கத் தொடங்கியது. எனக்கு மணமாகியிருக்கவில்லை. சேலைக் கொசுவத்தை அகலமாக வைத்து மறைத்தேன். கரும்பலகைக்கு முன் பக்கவாட்டில் நிற்பதைத் தவிர்த்தேன். ஆயினும் காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசையாக நிற்கும் பெண்கள், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். அத்தகைய அமைதி என் வகுப்பில் ஒருநாளும் நிலவியதில்லை.

ஒரு மாலை, என் மாணவன் ஒருவனின் தாய் முத்தாயி வந்தாள். தொழிலாளர் குடியிருந்த லயம் முழுவதும் அவள் வழியாகவே செய்தி அறிந்திருந்தது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு சாடி நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். மசக்கைக்காரிக்குக் கொடுப்பது அது என்பது எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. “வாய்க்கு நல்லாருக்கும், சாப்பிடுங்க டீச்சர். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க.”

பதுளையில்

அந்தச் சாடிதான் என்னைப் பதுளைக்கு ரயிலேற்றியது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் அமுக்கிப் பார்த்து, சூலகத்தில் தேங்காயளவு கட்டி என்றார். முறுக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. விரைவில் அகற்ற வேண்டும். அதற்குமுன் உறவினர் ஒருவர் இரத்தம் தர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்த தமையனாருக்குத் தந்தி அடித்தேன். பதில் இல்லை.

பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சனம் நிறையும். நான் ஏற்கெனவே திருத்திய கொப்பிகளை மறுபடியும் திருத்திக்கொண்டிருப்பேன். சிங்களத் தாதி ஒருத்தி அதைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்: “டீச்சருக்கு ஒரு ஆளும் இல்லையா? இவ்வளவு புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுத்ததுதானே?”

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறன்று முத்தாயி வந்தாள். கையில், குழந்தைக்கென்று தைத்த பூப்போட்ட சட்டை. கட்டிலின் இருபுறமும் தொட்டிலைத் தேடினாள். கட்டி என்றேன், இரத்தம் தர ஆளில்லை என்றேன். இரண்டாவதைச் சொல்வதுதான் கடினமாயிருந்தது.

அவள் சட்டையைத் தலையணைக்கடியில் செருகிவிட்டுத் தாதியைத் தேடிப் போனாள். பரிசோதித்ததில் அவள் இரத்தம் எனக்குப் பொருந்தியது. அவள் கைப்பட்ட ஊறுகாயையே நான் இன்னும் திறந்திருக்கவில்லை; இரத்தமோ நேரே உடம்புக்குள் வரப்போகிறது. “நீ இவருக்கு என்ன உறவு?” என்று தாதி கேட்டது என் கட்டில்வரை கேட்டது. “தங்கச்சின்னு போட்டுக்கங்க. அக்கா கொஞ்சம் கோவக்காரி, அதான் வேற யாரும் வரல.”

திரும்பி வந்தபின்

கட்டியை அகற்றினார்கள், ஒரு சூலகமும் அதனோடு போயிற்று. வயிறு வற்றித் தோட்டத்துக்குத் திரும்பினேன். முத்தாயி வீடு வீடாகப் போய் உண்மையை எடுத்துச் சொன்னாள். முதல் கதையைப் பரப்பியவளே மறுத்ததால் ஒருவரும் நம்பவில்லை. கங்காணியின் மனைவி என்னை வழிமறித்து, மிகுந்த பரிவோடு விசாரித்தாள்: “புள்ளைய யாழ்ப்பாணத்துக்கே அனுப்பிட்டீங்களா டீச்சர்?”

மறுபடியும் பதுளை

சில ஆண்டுகளின்பின் முத்தாயிக்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்கவில்லை. தோட்டத்து லொறியில் பதுளைக்குக் கொண்டு சென்றார்கள். கணவனின் இரத்தம் பொருந்தவில்லை என்று அறிந்ததும் பாடசாலையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன். என்னுடையது அவளுடைய வகைதான். உறவை விசாரித்தபோது, தமக்கை என்றேன்.

அவள் கண்விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். குரல் தேறியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “இப்ப நமக்கு ஒரே ரெத்தம். மவன அடிக்கிறதக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க டீச்சர்.”

எவருக்கும் எந்தக் கடனும் மீதி வைக்காதவள் என்ற பெருமையோடு ஓய்வுபெற்ற எனக்கு, உறவினர் என்ற பெயரில் வாழ்நாளில் கிடைத்ததும், நான் திருப்பிக் கொடுத்ததும், சரியாக ஒரு போத்தல் இரத்தம்.