சுவரில் கீழே வழிந்த நிழல்

போன ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை மதியம், மலேசியாவின் கூலாயில், தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும், அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகளும் மட்டும்தான். இருவருக்குமே சளி பிடித்து மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது.

தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கு அவள் எடுத்திருந்த தலைப்பு, வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்கள். தன் சூரியனை மிக நெருங்கிச் சுற்றும் கோளின் காற்று, சூடு தாங்காமல் விண்வெளிக்குக் கசிந்துகொண்டே இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கோள் தன் சூரியனுக்கு முன்னால் கடக்கும்போது, கசிகிற ஹீலியம் அந்த ஒளியில் ஒரு துளியை விழுங்கிவிடும். அந்தக் குறைவை வைத்துத்தான் வாயுவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதைக் காட்ட எங்கள் ஏற்பாடு எளிமையானது. கைப்பேசி விளக்குதான் சூரியன். நூலில் தொங்கும் பிங்பாங் பந்து, கோள். அதற்கடியில் பிளாஸ்கிலிருந்து ஊற்றிய ஒரு குவளை வெந்நீர். ஆவிதான் கசியும் வாயு. வெள்ளைச் சுவரில் நிழல் தெளிவாக விழட்டும் என்று திரையை இழுத்துவிட்டேன். பந்து ஆடக்கூடாதே என்று மின்விசிறியை நிறுத்தி, சன்னலையும் பின்கதவையும் சாத்தினேன்.

கைப்பேசியை மேசையில் சாய்த்து விளக்கை எரியவிட்டதும் ஆவியின் நிழல் சுவரில் நெளிந்து நெளிந்து மேலே போனது. எனக்கே சிலிர்த்தது.

"அம்மா, அங்க பாருங்க. அங்கயும் ஏதோ போகுது."

"பேசாம நூல நேரா பிடி."

"நேராத்தாம்மா பிடிச்சிருக்கேன். அது வேற."

நான் காதில் வாங்கவில்லை. வெந்நீர் ஆறி, ஆவி குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கொதிக்க வைக்கலாம் என்று கேத்தலை அடுப்பில் வைத்து, லைட்டரைக் கையில் எடுத்தேன்.

"ஆவி மேலதானேம்மா போகும்? இது ஏன் கீழ வழியுது?"

திரும்பிப் பார்த்தேன். அடுப்பை ஒட்டி நிற்கும் கேஸ் தோங்கின், அந்த சிலிண்டரின், நிழலும் அதே சுவரில்தான் விழுந்திருந்தது. அதன் தலையிலிருந்து ஏதோ ஒன்று தண்ணீர்போலத் தரையை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. தோங்கைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. மறுபடி சுவரைப் பார்த்தேன். நிழல் வழிந்துகொண்டே இருந்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் இறங்கும்.

லைட்டரை எங்கே வைத்தேன், வால்வை எப்படி மூடினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. எந்த சுவிட்சையும் தொடாமல், பின்கதவைத் திறந்து மகளை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் வந்தார்.

"என்னா செய்றீங்க உள்ள? கேஸ் நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது லா."

எங்கள் இருவருக்கும் ஒரு வாசனையும் தெரியவில்லை.

என் கைப்பேசி உள்ளேயே இருந்ததால், அக்காவின் போனிலிருந்தே கேஸ் கடைக்கு அழைத்தோம். அன்று காலையில் புது தோங் மாட்டிவிட்டுப் போன அண்ணனே வந்தார். ரெகுலேட்டரைத் தொட்டதும் அது கையோடு ஆடியது.

"நான் நல்லாத்தானே மாட்டிட்டுப் போனேன். யாரு கழட்டுனது?"

"நான்தாண்ணே. சரியா இருக்கான்னு பாக்கலாம்னு..."

"சரியா இருந்ததக் கழட்டியா பாப்பாங்க, தங்கச்சி?"

அக்கா சிரித்துவிட்டார். கதவுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் நான் தூங்கமாட்டேன். மகளுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும். அன்று ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி மாட்ட வைத்ததும் அதே பயம்தான்.

விழாவில் அவளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. நான்தான் இன்னும் அந்தச் சமையலறையிலேயே நிற்கிறேன். பேசாமல் இரு என்று நான் சொன்னபடியே அவள் இருந்திருந்தால், என்று தொடங்கும் நினைப்பை என்னால் ஒருநாளும் முடிக்க முடிந்ததில்லை. இப்போது அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.