கறுப்பு டேப் ஒட்டிய இசைத்தட்டு

போன வருடம், பொங்கல் முடிந்து அறுப்பும் முடிந்திருந்த சமயம். கரிக்கலாம்பாக்கத்தில் வயலைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் வீடு கட்டி நாங்கள் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் சேலத்துப் பக்கம் பிறந்தவள். வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை.

வேலை முடிந்தால் நேராக பஸ் ஏறுகிற ஆள் இல்லை நான். கடைத்தெருவில் ஒரு பாய் பழைய ரேடியோ, கேசட், இசைத்தட்டு எல்லாம் விற்கிறார். அங்கே நுழைந்தால் வெளியே வர மனசு வராது. அதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு. புதிதாக ஒரு தட்டு கிடைத்துவிட்டால், அதை யாருக்காவது போட்டுக் காட்டும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. சோறுகூட இறங்காது. எனக்கு வேண்டியது பாட்டு இல்லை, உட்கார்ந்து கேட்க ஓர் ஆள்தான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தச் சனிக்கிழமை பாய் புதிதாக ஒரு பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். தொழிலை விட்ட ஒரு மைக் செட்காரர் வீட்டிலிருந்து வந்ததாம். அட்டைகளின் மூலையில் கலர் கலராக டேப் ஒட்டியிருந்தது. மஞ்சள், சிவப்பு என்று நிறைய. கறுப்பு மட்டும் ஒன்றே ஒன்று. அதில் பாட்டு கிடையாது, வெறும் கிளாரினெட். டேப் எதற்கு என்று கேட்டேன்.

"விசேஷத்துல அவசரத்துக்குத் தேடாம எடுக்கறதுக்குமா. மஞ்சள்னா கல்யாணம், செவப்புன்னா கோயிலு. கருப்பு இன்னான்னு எனக்கும் தெரியல" என்றார் பாய்.

கறுப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். ஆனால் பாய் அதைக் கடையில் ஒரு நிமிஷம் சுழலவிட்டார். தெருவில் பஸ் ஹாரன் அலற, அதற்கு நடுவே அந்தக் கிளாரினெட் மெல்ல எழுந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் எங்கே யோசிக்க? தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ் பிடித்தேன்.

வழக்கமாக என்னிடம் மாட்டிக்கொள்வது பக்கத்து வீட்டு அக்காவும் அவள் கணவரும்தான். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மாமா நாற்காலியைப் போட்டுக்கொண்டு விரலால் தாளம் தட்டிக் கேட்பார். ஆனால் அப்போது அவர் நெஞ்சுவலி வந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று டாக்டர்களே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அங்கேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தன் தம்பியைத் துணைக்கு வைத்துவிட்டுத் துணிமணி எடுக்க வீட்டுக்கு வருவாள்.

மறுநாள் ஞாயிறு. என் வீட்டுக்காரர் கறி வாங்கப் போய்விட்டார். தோழிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தங்கைக்குப் போட்டேன், அடுப்பில் வேலை என்று வைத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து ஊசியை இறக்கினேன். எங்கள் பக்கம் பாதிக்குமேல் காலி மனைதான், சத்தம் மெயின் ரோடு வரைக்கும் போகும்.

கொஞ்ச நேரத்தில் முனை டீக்கடைக்காரர் வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றார். பின்னாலேயே அடுத்த தெருப் பெண்கள் சிலர் வந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அட, இந்த ஜனங்களுக்கு இவ்வளவு ரசனையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வால்யூமை இன்னும் ஏற்றினேன். அந்தப் பக்கம் முடிந்ததும், திருப்பிக்கூடப் போடாமல், வந்தவர்களுக்காக அதையே முதலிலிருந்து வைத்தேன். பாய் கடையைப் பற்றிச் சொல்லலாம் என்று சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனேன்.

அப்போதுதான் அக்கா ஓடிவந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. தலை அவிழ்ந்து கிடந்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் காதில் அது விழுந்திருக்கிறது. வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களா" என்றாள்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னாமா இது. சாவு வூட்ல போடறதாச்சே. இந்த ஊர்ல வேற எதுக்கும் இத போடமாட்டாங்களே" என்றார்.

பாய் வாங்கிய பெட்டி இதே ஊர் மைக் செட்காரருடையது என்பது அப்போதுதான் புரிந்தது. நாங்கள் வந்த பிறகு அங்கே துக்கம் எதுவும் நடக்காததால் எனக்கு அந்த இசை புதுசு. ஓடிப்போய் ஊசியைத் தூக்கினேன். அக்காவின் போனில் சார்ஜ் இல்லை. என் போனில் அவள் தம்பி நம்பரை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? பாவி, நானே தட்டுப் போட்டு வழியனுப்பியது போல் ஆகிவிடுமே என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

கடைசியில் தம்பி எடுத்தார். விஷயத்தைச் சொல்லாமல், அக்கா பேசணுமாம் என்று போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் நீட்டினேன், அவர் குரல் வந்தது.

"இன்னாடி, வூட்டுக்குப் போயிட்டியா? வரும்போது கொஞ்சம் சட்னி அரைச்சி எடுத்துனு வா. இங்க சாம்பார் வாயில வைக்க முடியல."

அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவள் எழுந்து போய்ச் சட்னி அரைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பாயிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலமுறை எடுப்பேன், மறுபடி தள்ளிவிடுவேன். வேலையில் மனசு நிற்கவில்லை. ஆபரேஷன் நடந்த அன்று மருந்துக் கடையில் மாத்திரையை மாற்றி எடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாமா பிழைத்தார்.

வீடு திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குன்னு போட்டியாமே. கொண்டாந்து போடு, கேக்கலாம். நான் போற அன்னிக்குப் போட்டா எனக்கு எங்க கேக்கப் போவுது" என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் விடவில்லை. பிளேயரைக் கொண்டுவந்து வைத்து, சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். மாமா தாளம் தட்டவில்லை, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் தெரியாது. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. மைக் செட்காரர் எந்தச் சாவிலும் அதைத் திருப்பிப் போட்டதே இல்லையாம்.

திருப்பினேன். அதே கிளாரினெட், ஆனால் மாப்பிள்ளை ஊர்வலத்தில் முன்னால் ஆடிக்கொண்டு போகிறவனைப் போல் துள்ளிக்கொண்டு வந்தது. மாமாவின் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது. அக்கா கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். "இது இன்னா, இதுலயேவா இருக்குது" என்று அவள் கேட்டதுதான் அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இப்போதும் புதுத் தட்டு கிடைத்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை, ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுகிறேன். அந்தத் தட்டை மட்டும் மாமா கேட்டால்தான் போடுவேன். முதல் பக்கம் ஓடும்போதெல்லாம் அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நாற்காலியை ஒருமுறை எட்டிப் பார்ப்பாள், அதில் மாமா இருப்பார், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் மூச்சு வரும்.