இசபெல் கொட்டிய ‘உம்’

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். வாதாட எனக்குத் தெம்பில்லை. 1957 டிசம்பர் 24, இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நடந்தது இது.

மாலை நாலரைக்குக் கொழுந்து பறிக்கையில் என் மனைவி இசபெல்லைப் பாம்பு கடித்தது. மழையில் பாதை சரிந்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் லாரி வரத் தாமதம். பாம்பு கடித்தவரைத் தூங்க விட்டால் எழுப்ப முடியாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். நானோ தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இரண்டு நாள் கண்மூடாமல் வேலை செய்தவன். உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவேன்.

தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்துப்போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. கிறிஸ்மஸ் பேய்க் கதை. அதுவரை நான் படித்ததில்லை. விளக்கடியில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன்.

“உம் கொட்டிக்கிட்டே இரு புள்ள.”

ஏழு பத்து. கதையில் பனி கொட்டுகிறது. கிறிஸ்மஸ் விருந்து. எல்லோரும் ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள்...

“உம்.”

ஏழு நாற்பது. கதவை யாரோ தட்டுகிறார்கள். கதையில்தான்...

“உம்.”

எழுத்து கலங்கியது...

“உம்...”

ஒன்பது இருபது. லாரி ஹோர்ன் சத்தம். திடுக்கிட்டு விழித்தேன். கன்னத்துக்குக் கீழே புத்தகம், பதினோராம் பக்கம். பாவி, தூங்கியிருக்கிறேன்.

அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“உம்,” என்றாள் இசபெல்.

பிழைத்துக்கொண்டாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில், தூங்கிப்போனதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“எங்க தூங்குனீங்க? முழுக்கச் சொன்னீங்களே,” என்றாள்.

முடிவையும் சொன்னாள். விருந்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவன், முந்தின வாரமே ஆற்றில் மூழ்கிச் செத்தவனாம். அவன் விட்டுப்போன தொப்பிக்குள் ஆற்று மணல் இருந்ததாம்.

ஒன்பது மணி வரை சுவருக்கு அப்பால் என் குரல் கேட்டதாக அடுத்த வீட்டு ராசம்மாவும் சொன்னார். தூக்கத்திலேயே வாசித்திருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன்.

பதினைந்தாம் பக்கத்தோடு கிழிந்திருந்தது. மீதி இல்லை.

பிறகு இசபெல் அந்தக் கதையைப் பற்றிப் பேச வந்தாலே நான் வெளியே போய்விடுவேன்.

1962இல் ஹட்டனில் ஒரு பாதிரியார் வீட்டில் அதே புத்தகம் முழுதாக இருந்தது. நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

செத்தவன்தான் வந்திருக்கிறான்.

தொப்பிக்குள்... ஆற்று மணல்.