தோளில் கிடக்கும் கை யாருடையது?

படத்தில் கூட்டம் இருந்தால் விசா கிடைக்காதாம். தீவின் சலெலோலோகா சந்தையில் மீன் விற்பவள் தன் கொழுந்தன் சொன்னதாகச் சொன்னாள். அவனுக்கு யார் சொன்னார்களோ. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் மாமியார் நின்றிருந்தாளாம். நீ இவர்களில் யாரோடு வாழப் போகிறாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அதைக் கேட்ட பஸ் ஓட்டும் லஃபேலே, நிரப்பி வைத்திருந்த விசா விண்ணப்பத்தை மறுபடி பிரித்தான். நியூசிலாந்துக்காரி பிலிப்பா, மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பல் பார்க்க வந்தவள்; அவன் பஸ்ஸில் ஏறி இறங்கியே அவனுக்கு வாய்த்தவள். தேவாலயத்தில் கல்யாணம் வேண்டாம் என்பதில் அவள் பிடிவாதம். அதனால் போன வருடம் சுற்றுலா விசாவில் போய், அவள் ஊரான ஹாமில்டனில், அரசு அலுவலகம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுச் சட்டப்படி துணைவர்கள் ஆனார்கள். அது என்ன, கல்யாணமா இல்லையா என்பது அவனுடைய ரூட்டா அத்தைக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்போது பிலிப்பா அங்கே நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறப்பதற்குள் அவன் துணைவருக்கான விசா வாங்கிப் போய்ச் சேர வேண்டும்.

சேர்ந்து வாழ்வதற்குச் சான்றாக அனுப்ப, இருந்த படங்களை எல்லாம் அவனும் அத்தையும் பாயில் பரப்பினார்கள். இருவர் மட்டும் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. யாரையும் தனியாக விடுவது அந்த ஊரில் மரியாதை ஆகாது. கையெழுத்துப் போட்ட அன்றுகூட ஹாமில்டனில் இருக்கும் சொந்தங்கள் இரண்டு வரிசையாக நின்றன, அவனோடு கூடவே போயிருந்த அத்தை நடுவில். பஸ்ஸில் எடுத்த படத்தில், இடமில்லாதபோது எல்லோரும் செய்வதுபோல, பிலிப்பா அத்தையின் மடியில் உட்கார்ந்து சிரித்தாள். லஃபேலே கண்ணாடியில் ஒரு மூக்காகத் தெரிந்தான்.

"இதை அனுப்புடா. எவ்வளவு பாசமா இருக்கோம் பாரு."

"விசா உங்களுக்கா அத்தை, எனக்கா?"

"எனக்குக் குடுத்தா நான் போகமாட்டேனா? உன்னைவிட நல்லாவே சமைப்பேன்."

"நானும் அவளும் மட்டும்தான் இருக்கணுமாம்."

"அப்போ நாங்கல்லாம் பேயா?" என்று மூக்கை உறிஞ்சியவள், கத்திரிக்கோலை எடுத்து முதலில் தன்னையே வெட்டினாள். அப்புறம் மற்ற சொந்தங்களை. ஆனால் எந்தப் படத்திலும் அத்தை பிலிப்பாவின் தோளை விட்டுக் கையை எடுத்ததே இல்லை.

"கையை வெட்டினா அவ கழுத்தும் போயிடும்டா. இருந்துட்டுப் போகட்டும்."

உடம்பில்லாத கைகளோடு படங்கள் போய்ச் சேர்ந்தன. சில வாரங்களில் கிரெகர் என்ற அதிகாரி எழுதினார்: 'உங்கள் துணைவியைப் பிடித்திருக்கும் கை யாருடையது? யாராவது அவரைக் கட்டாயப்படுத்துகிறார்களா? திங்களன்று அலுவலகம் மூடுவதற்குள் அழைப்பேன். பேச முடியாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

திங்களன்று லஃபேலே பஸ்ஸைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கைபேசியை மடியில் வைத்தபடி உட்கார்ந்தான். சாட்சி சொல்ல அத்தையும் புதுச் சட்டை போட்டுத் தயாராக இருந்தாள். காலை போனது, மதியம் போனது, அழைப்பு வரவில்லை.

அந்தி சாய்ந்ததும் பிரார்த்தனைச் சங்கு ஊதியது. இனி மறு சங்கு ஊதும்வரை ஊரில் யாரும் அசையக் கூடாது; சாலையில் பெரியவர்கள் காவல் நின்றார்கள். அத்தை கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அந்தக் கிரெகருக்கு நல்ல புத்தியைக் கொடும்..."

மடியில் மணி அடித்தது. திரையில் நியூசிலாந்து எண். லஃபேலேவின் விரல் மெல்ல நகர்ந்தது.

"...ஜெப நேரத்துல ஃபோனைத் தொடப் பாக்குற இந்தப் பயலையும் மன்னியும்."

விரல் நின்றது. அங்கே அலுவலகம் மூடும் நேரம். மணிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, அத்தை கிரெகரின் மனைவி மக்களுக்காகவும் வேண்டத் தொடங்கினாள். கைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.