வாங்கண்ணன் வீட்டு ஈரத் தரை

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். வாங்கண்ணனுக்கோ நிற்பதுதான் வேலையே. மூன்று மாடி மரச்சாமான் கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் காலை ஒன்பதரைக்கு நின்றாரானால் மாலை ஆறரைக்குத்தான் முழங்கால் மடங்கும். யார் வந்தாலும் கதவைத் திறந்து, இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் விரித்து, "வாங்க வாங்க!" என்று மூன்றாவது மாடிக்குக் கேட்கிற குரலில் வரவேற்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்ததில், அவருடைய சொந்தப் பெயர் கடையில் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் வாங்கண்ணன்தான்.

பதிலுக்கு வணக்கம் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. கட்டில் வாங்க வருகிறவர்கள் கட்டிலைப் பற்றியே யோசித்துக்கொண்டு வருகிறார்கள். அலமாரி வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே சண்டையைத் தொடங்கிவிடுகிறார்கள். எப்போதாவது ஒரு குழந்தை திரும்பிப் பார்க்கும். அதையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாங்கண்ணன் இதையெல்லாம் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் நாள் முழுக்க ஊரையே வரவேற்றுவிட்டு, மாடிப்படி ஏறி, தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து, விளக்கைத் தானே போட்டுக்கொண்டு உள்ளே போகிற அந்த ஒரு நிமிஷம் அவருக்கு ஆகவே ஆகாது.

மனைவி போய்ச் சேர்ந்து பதினொரு வருடம். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, கடமை தவறாமல் போன் செய்வாள். "சொல்லும்மா சொல்லும்மா! சாப்டியா? உடம்பு எப்படி இருக்கு? எப்ப வர்ற?" என்று போனிலும் அதே வாசல் குரல்தான். "வேலை இருக்குப்பா, பாக்கலாம்பா" என்பாள். இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அந்த இரண்டு நிமிஷத்தை வைத்துத்தான் அவர் ஓட்டவேண்டும்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மிச்சம் வந்து சேர்ந்தது. கடையில் பில் போடுகிற அக்காவின் கொழுந்தன் நாய்க்குட்டிகளை வளர்த்து விற்கிறவன். ஒரு தாய் போட்ட ஐந்து குட்டிகளில் நான்கு போய்விட்டன. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும் இருந்த ஐந்தாவது மட்டும் விலை போகாமல் எட்டு மாதம் கூண்டிலேயே கிடந்தது. "சும்மாவே எடுத்துட்டுப் போங்கண்ணா. தொல்லை விட்டா சரின்னு இருக்கான் அவன்" என்றாள் அக்கா. அப்படி மிஞ்சி வந்ததால் அதற்கு மிச்சம் என்று பெயர் வைத்தார்.

முதல் மாதம் பெரும்பாடு. கூண்டில் பிறந்து வளர்ந்த குட்டிக்குச் சாப்பிடுகிற இடம், படுக்கிற இடம், ஒதுங்குகிற இடம் எல்லாம் ஒன்றுதான். தாய் சொல்லிக்கொடுக்கவும் இடமில்லை, தானாகக் கற்கவும் வழியில்லை. வீடெல்லாம் ஈரம். வாங்கண்ணன் சளைக்கவில்லை. எழுந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை, தூங்கி விழித்ததும் ஒரு தடவை என்று தெருக்கோடி மரத்தடிக்கு அழைத்துப் போனார். அங்கே காரியம் முடித்தால் காது மடலைத் தடவிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் அந்த மரம்தான் தன் இடம் என்று மிச்சத்துக்குப் புரிந்துவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் மாறவில்லை. மாலையில் அவர் கதவைத் திறந்து, குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து, "வாடா வாடா, என் மிச்சம்!" என்பார். அது வாலை ஆட்டிக்கொண்டே, வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்து, அவர் காலடியில் குளம் கட்டிவிடும். முதலில் சந்தோஷம் தாங்காமல் செய்கிறது என்று பூரித்துப் போனார். தன்னைப் பார்த்து இப்படி நிலைகொள்ளாமல் போக உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நினைத்து, துடைக்கும்போது அழக்கூடச் செய்தார். பிறகு எரிச்சல் வந்தது. விரலை நீட்டித் திட்டினார். திட்டத் திட்டக் குளம் பெரிதானதுதான் மிச்சம்.

மாடி வீட்டின் தரை பழைய மரப்பலகை. பலகைக்குப் பலகை இடைவெளி உண்டு. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கூரையில் தட்டளவுக்கு ஒரு மஞ்சள் கறை.

"நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டுல வச்சாலும்னு சும்மாவா சொன்னாங்க? உங்க வீட்டு நாய்க்கு என் தலைதான் கெடச்சுதா?"

"பழகிடும்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"மூணு மாசம் பொறுத்தாச்சுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பெயிண்டர் வர்றாரு. அதுக்குள்ள இது நிக்கணும். பெயிண்ட் அடிச்ச பிறகு ஒரு சொட்டு விழுந்தாலும் நாயை அனுப்பிடுங்க. அனுப்ப மனசு வரலன்னா நீங்க வேற வீடு பாத்துக்குங்க."

அந்த அம்மா பொல்லாதவர் இல்லை. அதனால்தான் வாங்கண்ணனுக்குப் பயம் வந்தது. பொல்லாதவர்களுடைய மிரட்டலுக்கு ஒரு வாரம் தவணை சொல்லலாம். நல்லவர்களுக்குப் பொறுமை போய்விட்டால் போனதுதான். இந்த வயதில், இந்தச் சம்பளத்தில், நாயோடு ஒருவரை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? மிச்சத்தைத் திருப்பி அனுப்பினாலோ மறுபடி அதே கூண்டு.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்று சொல்லி, ஊசி போடுகிற பெண்ணிடம் அனுப்பினார். வாங்கண்ணன் கூண்டுக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னதும், அவள் மேஜையை வினிகரால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பகல் முழுக்க தனியா இருக்குதே, அப்ப வீட்டுக்குள்ள போகுதா?"

"இல்லம்மா. காஞ்சு கெடக்கும். நான் வந்ததும்தான்."

"அடக்கிட்டு இருந்து போயிடுதோ?"

"பால் வாங்கப் போயிட்டுப் பத்தே நிமிஷத்துல வந்தாலும் அதேதான்மா. காலங்காத்தால மரத்தடியில முடிச்சுட்டு வந்த பிறகும் அதேதான்."

"வீட்டுக்குள்ள எப்படி வருவீங்க? செஞ்சு காட்டுங்கண்ணா."

வாங்கண்ணன் வெளியே போய், கதவைத் திறந்து, இடுப்பை வளைத்து, கைகளை விரித்து, "வாடா வாடா!" என்றார். பக்கத்துக் கூடையில் இருந்த பூனை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மிச்சம் அங்கேயே, ஆஸ்பத்திரித் தரையிலேயே, காலை அகட்டிவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணா, இது பழகாத குறை இல்ல. வெளியே போகணும்னு இதுக்கு நல்லாத் தெரியுது. இது உங்க கால்ல விழுது. 'நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னு சொல்ற விதம் இது. கூண்டுல இருந்தப்ப மேல இருந்து குனிஞ்சு வந்த கை என்னென்ன பண்ணுச்சோ! நீங்க குனியறீங்க, கைய விரிக்கிறீங்க, சத்தம் போடுறீங்க. அதுக்கு உங்க மேல உயிரு. ஆனா பயமும் இருக்கு. திட்டினா இன்னும் பயந்து, இன்னும் போகும்."

"அப்ப நான் என்னம்மா பண்ணணும்?"

"உள்ள வரும்போது அதைப் பாக்காதீங்க. பேசாதீங்க. குனியாதீங்க. யாருமே இல்லாத வீட்டுக்குள்ள வர்ற மாதிரி வந்து, வேற பக்கம் திரும்பித் தரையில உக்காந்துக்குங்க. அதுவா வரட்டும். எவ்ளோ நேரம் ஆனாலும் நீங்க கூப்பிடக் கூடாது."

யாருமே இல்லாத வீட்டுக்குள் வருவதை வாங்கண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் அவருக்குப் பதினொரு வருடப் பயிற்சி. ஆனால் வரவேற்க ஓடி வருகிற ஒன்றை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போவது என்றால் என்னவென்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? நாள் பூராவும் மற்றவர்கள் தனக்குச் செய்வதைத் தான் போய் இந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்ய வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே மிச்சத்தை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை பார்க்காமல்தான் நுழைந்தார். மிச்சம் பின்னாலேயே வந்து முனகியதும் பொறுக்கவில்லை. திரும்பி, "கோவிச்சுக்காதடா ராஜா" என்று குனிந்தார். குளம். புதன்கிழமை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு உள்ளே போனார். கை கேட்டது, இடுப்பு கேட்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றால் இருபத்திரண்டு வருடக் கதவுப் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடுமா? வியாழக்கிழமை உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சுவரில் இருந்த ஆணிகளை எண்ணினார். சில சொட்டுகளோடு நின்றது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. சில சொட்டுகள் போதும், புதுப் பெயிண்டில் தெரிவதற்கு.

சனிக்கிழமை மாலை படியேறும்போது வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். கூரைக்கு அடியில் இருந்த சாமான்களையெல்லாம் ஓரமாக நகர்த்திப் பழைய துணி போட்டு மூடியாகிவிட்டது.

"நாளைக்குக் காலையில வந்துடுவாருங்க" என்றார். வாங்கண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார்.

கதவைத் திறந்தார். பார்க்கவில்லை, பேசவில்லை, குனியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பித் தரையில் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் பலகையில் நகம் கிறீச்சிடும் சத்தம். வந்தது, நின்றது, பின்வாங்கியது. அப்போது பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. மணி ஏழு. அடிக்க விட்டாலும் மிரளும், பேசினாலும் மிரளும். சட்டென்று எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அப்பா?"

"ம்."

"என்னப்பா, குரலே வரல? உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேம்மா. சத்தமா பேசக் கூடாது. நாய் பயப்படும்" என்று ரகசியம் பேசுவது போலச் சொன்னார். அவள் கேட்கக் கேட்க, ஊசி போடுகிற பெண் சொன்னதையெல்லாம் அதே மெல்லிய குரலில் சொல்லி முடித்தார்.

மறுமுனையில் அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சொன்னாள்.

"நானும் அப்படித்தாம்பா இருந்தேன்."

"எப்படிம்மா?"

"சின்னதுல நீங்க படியேறுற சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவேனே."

"அது கண்ணாமூச்சிதானம்மா?"

"இல்லப்பா."

வாங்கண்ணனுக்கு அந்தக் காலத்துச் சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. 'எங்க என் தங்கம்? எங்க?' என்று அவர் குரலை உயர்த்திக்கொண்டே வருவார். கட்டிலுக்கு அடியில் குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டி அவளை வெளியே இழுப்பார். அவள் வீறிடுவாள். விளையாட்டில் தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சிரிப்பார். கடையில் எத்தனை பேரிடம் இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்! பாசத்தைக் கொட்டி வளர்த்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏம்மா அப்பவே சொல்லலை என்று கேட்க வாயெடுத்தார். ஒரு தடவை வந்துட்டுப் போம்மா, வா என்று கத்தத் தோன்றியது. எதையும் சொல்லவில்லை. கண்ணில் நீர் நின்றதில் சுவரில் இருந்த ஆணிகள் கலங்கித் தெரிந்தன. மறுமுனையில் ஏதோ ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டது. அவள் மூச்சுவிடுவதும் கேட்டது. வழக்கமான இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் போனை வைக்கவில்லை.

முழங்காலில் ஏதோ சூடாகப் பட்டது. மிச்சம் மோவாயை அங்கே வைத்திருந்தது, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும். அவர் அதைப் பார்க்கவில்லை. இடது கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய்ப் பலகையைத் தடவினார். காய்ந்திருந்தது.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார். வா என்று மட்டும் சொல்லவில்லை.